பெங்களூரு டு மதுரை: எலெக்ட்ரிக் காரில் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியுமா?

ஆபீஸ், மால், ஏர்போர்ட் என்று பெங்களூருக்குள் சுற்ற எலெக்ட்ரிக் கார் சரி. ஆனால் ‘பொங்கலுக்கு மதுரைக்கு எப்படிப் போவ?’ என்று வீட்டில் கேட்டால் பலரும் கொஞ்சம் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஷோரூமில் சொல்லும் ரேஞ்ச், எம்ஐடிசி என்ற சோதனையில் கிடைப்பது. அதில் உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும். நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டால் காற்றின் எதிர்ப்பு எகிறிவிடும். அதனால் 45 யூனிட் பேட்டரி உள்ள கார், 100 கி.மீ.க்குச் சுமார் 16 யூனிட் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி 10 சதவீதத்தைத் தொடாமல் ஓட்டினால் 250 கி.மீ. கிடைக்கும்.

மதுரை சுமார் 435 கி.மீ. சேலம் வரை 200. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பிரேக் பிடிக்கிற சக்தி பேட்டரிக்கே திரும்புவதால், சேலத்தில் மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் மிஞ்சியிருக்கும். அங்கே 80 சதவீதம் வரை ஏற்ற 35 நிமிடம். கரூர் பக்கம் இன்னொரு 15 நிமிடம். டிபனுக்கும் டீக்கும் எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம்! 80-க்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் 100 வரை காத்திருப்பதைவிட இரண்டு இடத்தில் நிறுத்துவதே லாபம்.

திரும்பி வரும்போது கதை வேறு. பெங்களூரு மதுரையைவிடச் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்துக்கு மட்டும் கூடுதலாக மூன்று, நான்கு யூனிட் போகும்.

நிஜமான தலைவலி பண்டிகைக் கூட்டம்தான். பெட்ரோல் பங்கில் முன்னால் இரண்டு கார் நின்றால் ஐந்து நிமிடம்; சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நெடுஞ்சாலையில் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் மேப்பில் தெரிகிற சார்ஜர் வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. 50 சதவீதத்துக்குக் கீழே போவதற்குள் அடுத்த நிலையத்தையும், அதற்கு மாற்றாக இன்னொன்றையும் ஆப்பில் பார்த்து வையுங்கள். இரண்டு, மூன்று நிறுவனங்களின் ஆப்பில் முன்கூட்டியே பணம் போட்டு வைப்பதும் நல்லது.

செலவு? வீட்டில் ஃபுல் சார்ஜ் போட்டுக் கிளம்பி, வழியில் யூனிட்டுக்கு 22 ரூபாய் என்று ஏற்றினால், ஒருவழிக்கு 1,000 ரூபாயை ஒட்டி வரும். லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் 2,700 ஆகும். ஆனால் அபார்ட்மென்ட்டில் சார்ஜிங் வசதி இல்லை, எல்லாமே வெளியில்தான் என்றால் 1,700 வரை போகும். நல்ல மைலேஜ் தரும் டீசல் காருக்கு 2,000. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காக மட்டும் எலெக்ட்ரிக் கார் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஊரில் சார்ஜ் போட 15 ஆம்பியர் பாயின்ட் போதும். இரவு முழுக்க விட்டால், காலையில் ஃபுல் ஆகாவிட்டாலும் பெரும்பகுதி ஏறியிருக்கும். ஆனால் பழைய வீடு என்றால், கிளம்புவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, வயரிங்கையும் எர்த்திங்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.