'எவரும்' என்றால் யார்? ஏழு பேர் கேட்ட கேள்வி

டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தன் அகதி கேஸைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வரியைத் தவறாமல் சொல்வார்: "என்ர கதையை நானே வாயால சொன்னன். அவை இருந்து கேட்டவை." கேஸ் வென்றதைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வார். தஞ்சம் கேட்டு வந்தவர் சொல்வதை உட்கார்ந்து கேட்பது ஒரு பெரிய விஷயமா என்று எனக்குத் தோன்றும். பழைய தீர்ப்பு ஒன்றைப் படித்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

கனடா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்தது 1969-இல். 1978-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தில்தான் அகதிக் கோரிக்கைக்கென்று ஒரு வழிமுறை எழுதப்பட்டது. அது எப்படி இருந்தது தெரியுமா?

தஞ்சம் கேட்பவரை ஒரு குடிவரவு அதிகாரி சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரிப்பார். கேள்வியும் பதிலும் தட்டச்சாகும். அந்தத் தாள்கள் ஒரு ஆலோசனைக் குழுவுக்குப் போகும். குழு அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும், அமைச்சர் முடிவெடுப்பார். குழுவோ அமைச்சரோ அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவருடைய நாட்டு நிலவரம் பற்றி அரசு தன் கையில் வைத்திருக்கும் தகவல்களும் கணக்கில் எடுக்கப்படும். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். எதை மறுத்துப் பேசுவது என்று தெரியாமலே மறுக்க வேண்டும்.

சரி, நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடு? குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது. ஆனால் அங்கேயும் முதலில் தாள்தான். முழு விசாரணை நடந்தால் இவர் ஜெயிக்கக்கூடும் என்று தாளைப் பார்த்தே வாரியத்துக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால்தான் விசாரணை. கிணற்றில் இறங்க வேண்டுமானால் முதலில் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பது மாதிரி.

இப்படி நிராகரிக்கப்பட்ட ஏழு பேரின் வழக்குகள் ஒன்றாகச் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. ஆறு பேர் இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர்கள், ஒருவர் கயானாவிலிருந்து வந்தவர். சட்ட உலகில் இதற்குப் பெயர் 'சிங் வழக்கு'. 1984 ஏப்ரலில் வாதம் நடந்தது.

அப்போது கனடாவின் உரிமைகள் சாசனத்துக்கு இரண்டு வயதுதான். அதன் 7-வது பிரிவு, உயிர், சுதந்திரம், உடல் பாதுகாப்பு ஆகிய உரிமைகள் எவருக்கும் உண்டு என்றும், அடிப்படை நீதிக்கு உட்படாமல் அவற்றைப் பறிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. வழக்கின் முடிச்சு 'எவரும்' என்ற அந்தச் சொல்லில்தான். அது குடிமக்களை மட்டும் குறிக்குமா? நாட்டில் இருக்கவே உரிமை இல்லாதவர் என்று அரசு சொல்லும் ஆளும் அதில் சேர்வாரா?

1985 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள், ஆறு பேரும் ஏழு பேருக்கும் சாதகமாகவே எழுதினார்கள். ஆனால் காரணத்தில் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்தார்கள். ஒரு பாதி 1960-ஆம் ஆண்டின் பழைய உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபாதிக்காக எழுதியவர் பெர்தா வில்சன். கனடா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அவரே ஸ்காட்லாந்தில் பிறந்து, 1949-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்.

கனடிய மண்ணில் நிற்கும் ஒவ்வொரு மனிதரும் 'எவரும்' என்பதில் அடக்கம் என்றார் வில்சன். திருப்பி அனுப்பினால் ஒருவருக்கு அடியோ சிறையோ நேரக்கூடும் என்றால், அந்த அச்சுறுத்தலே அவருடைய பாதுகாப்பைத் தொடும் விஷயம். ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதுதான் கேள்வி என்றால், முடிவெடுப்பவர் அவரை நேரில் கேட்டே ஆக வேண்டும். எல்லோரையும் நேரில் கேட்டால் செலவும் வேலையும் தாங்காது என்று அரசுத் தரப்பு சொன்னதை அவர் ஏற்கவில்லை. நிர்வாக வசதிக்காக விட்டுக்கொடுக்கலாம் என்றால் உரிமை என்று எழுதி வைப்பதற்கே அர்த்தம் இல்லை என்பது அவருடைய நிலை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பு யாருக்கும் அகதி அந்தஸ்து கொடுக்கவில்லை. ஏழு பேரின் கோரிக்கைகளும் மறுபடி பரிசீலனைக்குத்தான் போயின. கிடைத்தது பேச ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

அந்த நாற்காலி எதிர்பார்த்ததைவிட அதிகம் தேவைப்பட்டது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத் தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்பது பின்னால் தெரிந்தது. பத்திரிகைகளில் ஒரே சத்தம். ஆனாலும் அவர்களைத் தங்க அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டே 174 சீக்கியர்கள் நோவா ஸ்கோஷியாவில் கரையிறங்க, நாடாளுமன்றத்தை அவசரமாகக் கூட்டினார்கள். கடுமையான சட்டங்கள் வந்தன. அதே காலத்தில்தான், நேர்முக விசாரணை நடத்துவதற்கென்றே குடிவரவு, அகதிகள் வாரியம் என்ற தனி அமைப்பும் உருவாகி, 1989 ஜனவரி 1 முதல் வேலை தொடங்கியது. தொண்ணூறுகளில் என் நண்பர் உட்கார்ந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு கதவு அகலமாகிக்கொண்டே போனது என்று சொல்ல முடியாது. 2004 டிசம்பர் முதல், அமெரிக்கா வழியாகத் தரை எல்லைக்கு வந்து தஞ்சம் கேட்பவர்களில் பெரும்பாலோரை அங்கேயே திருப்பி அனுப்ப ஒப்பந்தம் இருக்கிறது. 2010-இல் 492 தமிழர்களோடு 'சன் ஸீ' கப்பல் வந்தபோது, அவர்களில் பலரை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தார்கள். 'கனடிய மண்ணில் நிற்பவர்' என்று வில்சன் வரைந்த கோட்டுக்கு வெளியிலேயே ஆட்களை நிறுத்திவிட்டால் நாற்காலிக் கேள்வியே எழாது, பாருங்கள்.

கனடாவில் ஏப்ரல் 4-ஐ அகதிகள் உரிமை நாளாக நினைவுகூர்கிறார்கள். போன வாரம் நண்பரிடம் இந்த வழக்கைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஏழு பேருக்கும் பிறகு என்ன ஆச்சுது?" என்று கேட்டார். தீர்ப்பு அதைச் சொல்லவில்லை. அவர்களைக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது.