நிழலாக நின்ற கொலையாளிகள்: 1965-ஆம் ஆண்டின் ஓர் ஓவியமும் அதன் முன்வரைவும்

அமெரிக்கக் குடிமையுரிமை இயக்கக் காலத்து எதிர்ப்போவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்பொழுது, வன்முறைக்கு இரையானோர் எங்ஙனம் தீட்டப்பட்டனர் என்பதிலேயே நம் கருத்து பெரிதும் செல்கின்றது. வன்முறை புரிந்தோரை ஓவியர் எங்கே நிறுத்தினார் என்னும் வினாவும் அதற்கு இணையாக எழுப்பப்பட வேண்டியதாகும். நார்மன் ராக்வெல் 1965-இல் தீட்டிய ‘மிசிசிப்பியில் கொலை’ என்னும் ஓவியத்தை முதன்மையாகக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய விழைகிறோம்.

1964 ஜூன் 21-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் நெஷோபா வட்டாரத்தில் எரிக்கப்பட்ட தேவாலயமொன்றைப் பார்வையிடச் சென்ற ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்கள் கைது செய்யப்பட்டு, இரவில் விடுவிக்கப்பட்டு, கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சேனி அம்மாநிலத்துக் கறுப்பினத்தவர். ஏனைய இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர். 44 நாள்களுக்குப் பின்னரே அவர்தம் உடல்கள் ஒரு மண்ணணையின் அடியிலிருந்து மீட்கப்பட்டன.

இக்கொலையை ராக்வெல் தீட்டினார் என்பதே வியப்பிற்குரியது. 1916 முதல் 1963 வரை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்கு 300-க்கும் மேற்பட்ட அட்டைப்படங்களை வரைந்து, இனிய குடும்பக் காட்சிகளின் ஓவியர் என்று பெயர்பெற்றவர் அவர். ‘லுக்’ இதழுக்கு மாறிய பின்னர், 1964 ஜனவரியில் வெளிவந்த ஓவியத்தில், கூட்டரசு அலுவலர் நால்வரின் காவலுடன் பள்ளிக்குச் செல்லும் ஆறு வயதுச் சிறுமியைத் தீட்டினார். 1960-இல் நியூ ஆர்லியன்சில் நிகழ்ந்தது அது. அவ்வோவியத்தில் வெறிக்கூட்டம் காணப்படவில்லை. சுவரில் எறியப்பட்ட தக்காளியின் கறையும் ஓர் இழிசொல்லுமே அதன் இருப்பைக் காட்டுகின்றன. கூட்டம் நின்ற இடத்தில் பார்வையாளராகிய நாமே நிற்கிறோம் என்பதை உணரும்பொழுது ஒரு திடுக்கம் உண்டாகிறது.

‘மிசிசிப்பியில் கொலை’ ஓவியத்திலும் இந்நெறியே பின்பற்றப்பட்டுள்ளது. குட்மன் தரையில் கிடக்கிறார். சாய்ந்து விழும் சேனியைத் தாங்கியவாறு ஷ்வெர்னர் நிமிர்ந்து நிற்கிறார். தொடக்கத்தில் கொலையாளர் கூட்டத்தையும் வரைய எண்ணிய ராக்வெல், பின்னர் அதனை விடுத்து, வலப்புறத்திலிருந்து நீளும் நிழல்களை மட்டும் நிறுத்தினார். எவருக்கும் தண்டனை விதிக்கப்படாத அக்காலத்தில் இது பொருத்தமே எனலாம். ஆயினும் நிழலுக்குப் பெயர் இல்லை, பதவியும் இல்லை. கொலைக்கு வழிவகுத்தவருள் துணை ஷெரிப் ஒருவரும் இருந்தார் என்னும் கொடுமையை அந்நிழல் சொல்லவில்லை.

1965 ஜூன் 29-ஆம் நாளிட்ட ‘லுக்’ இதழோ, நுணுக்கமாக முடிக்கப்பட்ட ஓவியத்தை விடுத்து, விரைந்து தீட்டப்பட்ட வண்ண முன்வரைவையே வெளியிட்டது. முன்வரைவில் இருந்த சினம் முழு ஓவியத்தில் கரைந்துபோயிற்று என்பதை ராக்வெல்லும் பின்னர் ஒப்புக்கொண்டார். இதழாசிரியர் குழுவின் தேர்வு சரியானதே என்பது எம் கருத்து.

பின்னர் வெளிப்பட்ட வாக்குமூலங்களின்படி முதலில் சுடப்பட்டவர் ஷ்வெர்னர்; இறுதியில் சுடப்பட்டவர் சேனி. ஓவியமோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. ராக்வெல் இதனை அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் வெள்ளையர் தாங்குபவராகவும் கறுப்பினத்தவர் பற்றிக்கொள்பவராகவும் அமைந்தமை தற்செயல் என்று கடந்துவிட இயலவில்லை.

இதற்கு நேர்மாறாக, கறுப்பினப் பெண் ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் 1967-இல் தீட்டிய ‘சாவு’ என்னும் 12 அடி அகல ஓவியத்தில் எவரும் சட்டத்திற்கு வெளியே ஒதுங்க இயலாது. நேர்த்தியாக உடுத்திய கறுப்பரும் வெள்ளையரும் குருதி வழிய ஓடுகின்றனர். ஒருவர் கையில் கத்தி, மற்றொருவர் கையில் துப்பாக்கி. நடுவே இரு குழந்தைகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒடுங்குகின்றன. பிக்காசோவின் ‘குவெர்னிகா’வை நியூயார்க்கில் பன்முறை கண்டு பெற்ற தாக்கம் இதில் தெளிவு. நவீனக் கலை அருங்காட்சியகம் இதனை 2016-இல்தான் வாங்கிற்று.

‘சாவு’ தீட்டப்பட்ட அதே 1967-இல் நெஷோபா நிழல்களுள் எழுவருக்குப் பெயர் கிட்டியது. கூட்டரசு நீதிமன்றம் அவர்களைச் சதிக்குற்றத்திற்காகத் தண்டித்தது. துணை ஷெரிப்பும் அவருள் ஒருவர். எட்கர் ரே கில்லன் என்பார் அவ்வழக்கில் தப்பினார். மாநில நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டது 2005 ஜூன் 21-ஆம் நாள். கொலை நிகழ்ந்து அன்றுடன் 41 ஆண்டுகள் நிறைவுற்றிருந்தன. அவருக்கு அப்பொழுது 80 வயது.