கோடை அறிவிப்புகளில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு

ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அறிஞர்களையும் நூல்களையும் கட்டடங்களையும் நாடிச் செல்வது இயல்பு. அதன் அறிவிப்புப் பலகையை நாடுவோர் அரியர். தேர்வு முடிவு, விடுமுறை தொடங்கும் நாள், விடுதி மூடப்படும் நாள், உணவுப்படி பற்றிய ஆணை, பட்டமளிப்பு விழா பற்றிய குறிப்பு ஆகியன படித்த மறுநாளே மறக்கப்படுவன. ஆயினும் ஒரு நிறுவனம் யாரைத் தன்னவர் என்று கருதியது, யாரைக் கருதவில்லை என்பதை இத்தகைய குறிப்புகளைப் போல் வெளிப்படையாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம். முரசறைந்து செய்தி அறிவித்த காலம் முதலே அறிவிப்பு என்பது கேட்பவர் யார் என்பதையும் சேர்த்தே அறிவித்து வந்துள்ளது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் கோடைக் காலங்களில் வெளியான சில அறிவிப்புகளை வரிசையாக வைத்து நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

நீண்ட விடுமுறை

கேம்பிரிட்ஜின் கல்வியாண்டு மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. அக்டோபரில் தொடங்குவது மிக்கேல்மஸ் பருவம். ஜனவரியில் தொடங்குவது லெண்ட் பருவம். ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிவது ஈஸ்டர் பருவம். மூன்றும் கிறித்தவ வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து வந்த பெயர்கள். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் வரை நீளும் இடைவெளிக்கு 'நீண்ட விடுமுறை' என்றே பெயர். நமக்குக் கோடை என்றால் சித்திரை, வைகாசி மாதங்களின் வெயில். அங்கோ அது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான இதமான காலம். வயல்களில் அறுவடைக் காலம். நீதிமன்றங்களும் அந்நாள்களில் ஓய்வு கொண்டன.

இவ்விடுமுறையின் வாயிலில்தான் முக்கியமான செய்திகள் யாவும் வந்து குவியும். தேர்வு முடிவுகள் வெளியாவதும் பட்டங்கள் வழங்கப்படுவதும் ஜூனில். படகுப் போட்டிகளும் விருந்துகளும் நிறைந்த கொண்டாட்டத்திற்கு 'மே வாரம்' என்று பெயர். அது நடைபெறுவதோ ஜூனில். நாள் மாறிய பின்னரும் பெயர் மாறவில்லை. பழைமை அவ்வூரில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதற்கு இச்சிறு செய்தியே போதும். 1870-இல் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ ஏடாக 'ரிப்போர்ட்டர்' தோன்றிற்று. அதன் பின்னர் அறிவிப்புகள் ஒழுங்காக அச்சேறின. அதற்கு முன்னர் கல்லூரிகளின் கையெழுத்து ஏடுகளும், ஒட்டப்பட்ட தாள்களும், மண்டபத்தில் உரக்க வாசிக்கப்பட்ட பட்டியல்களுமே செய்தியைச் சுமந்தன.

கொள்ளைநோயும் உணவுப்படியும்

1665-ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனை வாட்டிய பிளேக் நோய் கேம்பிரிட்ஜையும் எட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் டிரினிடி கல்லூரியின் தலைவரும் மூத்த உறுப்பினர்களும் கூடி ஒரு முடிவை ஏட்டில் பதிவு செய்தனர். கொள்ளைநோயின் காரணமாக நாட்டுப்புறம் செல்லும் கல்லூரி உறுப்பினர்க்கும் கல்விக்கொடை பெறும் மாணவர்க்கும் ஒரு மாத காலத்திற்கு வழக்கமான உணவுப்படி அளிக்கப்படும் என்பது அதன் பொருள். அக்டோபர் 10-ஆம் நாள் பல்கலைக்கழகம் பொதுப் பிரசங்கங்களையும் பொதுவிடச் சொற்போர்ப் பயிற்சிகளையும் நிறுத்தியது. ஊரின் பெரும் வணிகக் கூட்டமான ஸ்டர்பிரிட்ஜ் சந்தையும் அரச ஆணையால் தடை செய்யப்பட்டது.

அவ்வாண்டுதான் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த ஐசக் நியூட்டன் கல்லூரியை விட்டுத் தம் ஊரான வூல்ஸ்தார்ப் சென்றார். அவர் சென்ற நாள் எந்த நாட்குறிப்பிலும் இல்லை. ஆகஸ்டு 7 ஆணையின்படி வழங்கப்பட்ட கூடுதல் படியை அவர் பெறவில்லை என்பதைக் கல்லூரிக் கணக்கு காட்டுகிறது. ஆகவே அந்நாளுக்கு முன்னரே அவர் புறப்பட்டிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் முடிவு செய்தனர். 1666 மார்ச் 20-இல் திரும்பியதும், அவ்வாண்டு ஜூனில் மீண்டும் சென்றிருக்கக் கூடும் என்பதும், 1667 ஏப்ரல் இறுதியில் மறுபடி வந்ததும் இவ்வாறே கணக்குகளிலிருந்து அறியப்பட்டவை. உலகின் தலைசிறந்த அறிவியல் ஆண்டுகளுள் ஒன்றின் கால வரிசையை நமக்குக் காத்துத் தந்தது ஒரு சமையற்கூடக் கணக்கு!

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. நியூட்டன் 1661-இல் கல்லூரியில் சேர்ந்தபோது, குறைந்த கட்டணம் செலுத்தி அதற்கு ஈடாகப் பிறர்க்குப் பணிவிடை செய்யும் மாணவர் பிரிவில் சேர்ந்தவர். 1664 ஏப்ரலில்தான் கல்விக்கொடை பெறும் மாணவராகத் தெரிவு செய்யப்பட்டார். அத்தெரிவு நிகழாதிருந்தால் 1665-ஆம் ஆண்டு ஆணையின் வரையறைக்குள்ளேயே அவர் வந்திருக்க மாட்டார். 1666-இல் அவர் பெற்ற கூடுதல் படியும் கிட்டியிராது. ஆணையின் அந்த ஒற்றை வரியில் உறுப்பினர் உண்டு, கொடை பெறும் மாணவர் உண்டு. கல்லூரியில் சமைத்தவரும், நீர் சுமந்தவரும், படுக்கை விரித்தவரும் அவ்வரியில் இல்லை.

நகரத்தின் மரணக் கணக்கை அச்சிட்டு வெளியிட்ட தாள்களில் கல்லூரிகள் யாவும் நோயின்றி இருக்கின்றன, இறைவனுக்கு நன்றி என்னும் கருத்துப்பட ஒரு குறிப்பும் காணப்பட்டது. மேலே நகரத்து மக்களின் சாவுக் கணக்கு. கீழே கல்லூரிகளின் நலச் செய்தி. ஒரே ஊரில் வாழ்ந்தும் மதிலுக்கு உட்புறமும் வெளிப்புறமும் எவ்வாறு வேறுபட்டிருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

செனட் மண்டபத்தில் ஒரு ஜூன் காலை

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைத் தமிழர் அறிவர். கேம்பிரிட்ஜின் செனட் மண்டபம் அதனினும் மூத்தது. பட்டமளிப்பு நிகழும் இடம் அது; முடிவு அறிவிப்பும் அங்கு நிகழ்ந்து வந்தது. அங்குக் கணிதத் தேர்வின் முடிவுகள் தகுதி வரிசையில் உரக்க வாசிக்கப்பட்டு வந்தன. முதல் வகுப்பில் தேறியோர் 'ராங்ளர்' எனப்பட்டனர். அவருள் முதல்வர் 'சீனியர் ராங்ளர்'. அப்பெயர் பெற்றவரின் புகழ் நாடெங்கும் பரவும். கல்லூரி உறுப்பினர் பதவிக்கும் அது வழி திறக்கும். பட்டியலின் கடைசியில் நின்றவர்க்கு மாணவர்கள் பெரியதொரு மரக்கரண்டியைப் பரிசாக அளித்துக் கேலி செய்வர்.

பெண்கள் இப்பட்டியலுக்கு வெளியே நின்றனர். 1880 ஜனவரியில் கர்ட்டன் கல்லூரி மாணவி சார்லட் ஸ்காட் எட்டாம் ராங்ளர்க்கு இணையான இடத்தைப் பெற்றார். அவர் பெயரை அதிகாரபூர்வமாக வாசிக்க விதி இடந்தரவில்லை. எட்டாம் இடத்திற்குரிய பெயரை வாசிக்கும் வேளையில் மாணவர்கள் ஸ்காட்டின் பெயரைக் கூவி ஆரவாரித்து அக்குறையைத் தாமே தீர்த்தனர். மறு ஆண்டு, 1881 பிப்ரவரியில், பெண்கள் உயர்நிலைத் தேர்வுகளை முறைப்படி எழுதவும், அவர்தம் இடங்கள் தனிப் பட்டியலாக வெளியிடப்படவும் பல்கலைக்கழகம் இசைந்தது. பட்டம் மட்டும் இல்லை.

ஜனவரியில் நடந்து வந்த கணிதத் தேர்வு 1882 முதல் கோடைக்கு மாற்றப்பட்டது. எனவே 1890-ஆம் ஆண்டின் முடிவுகள் ஜூன் 7-ஆம் நாள் வாசிக்கப்பட்டன. முதலில் ஆண்களின் பட்டியல். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் பென்னட் சீனியர் ராங்ளர் என அறிவிக்கப்பட்டார். அதன் பின்னர் பெண்களின் பட்டியல் எடுக்கப்பட்டது. முதற்பெயர் நியூனம் கல்லூரியின் பிலிப்பா ஃபாசெட். ஒவ்வொரு பெண்ணின் பெயரோடும் ஆண்களின் வரிசையில் அவர்க்குரிய ஒப்பிடம் சொல்லப்படுவது வழக்கம். பிலிப்பாவின் பெயருக்குப் பின் வந்த சொற்கள், 'சீனியர் ராங்ளர்க்கு மேலே' என்பன. மண்டபம் ஆரவாரத்தில் மூழ்கியது.

பிலிப்பாவின் தந்தை ஹென்றி ஃபாசெட், இந்திய மக்களின் வரிப்பணம் செலவாகும் முறையை நாடாளுமன்றத்தில் இடைவிடாது கேள்வி கேட்டவர். அதனால் 'இந்தியாவின் உறுப்பினர்' எனப் பாராட்டப்பட்டவர். தாய் மிலிசென்ட் ஃபாசெட், பெண்களின் வாக்குரிமைக்காக நெடுங்காலம் போராடியவர். மகளின் வெற்றி நாளேடுகளில் பெருஞ்செய்தி ஆயிற்று. கணிதம் பெண்ணின் அறிவுக்கு எட்டாதது என்ற வாதம் அன்றே வலுவிழந்தது.

ஆயின் வாதம் வீழ்ந்ததால் விதி வீழ்ந்துவிடவில்லை. முதல் இடத்திற்கும் மேலான இடத்தைப் பெற்றவர்க்குப் பட்டம் இல்லை. 1897 மே 21-இல் பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையேனும் வழங்கலாமா என்பது வாக்கெடுப்புக்கு வந்தது. வெளியூர்களிலிருந்து முதுகலைப் பட்டதாரிகள் திரண்டு வந்தனர். செனட் மண்டபத்தின் எதிரே மிதிவண்டியில் அமர்ந்த ஒரு பெண்ணின் உருவப் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டனர் எதிர்ப்பாளர். ஆதரவு 662, எதிர்ப்பு 1,713. 1921-இல் பட்டத்தின் பெயர் மட்டும் கிட்டியது. பல்கலைக்கழகத்தின் முழு உறுப்பினர் நிலை கிட்டவில்லை. அன்றைய எதிர்ப்பாளரின் கூட்டம் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவுகளைச் சிதைத்தது. முழுமையான பட்டத்திற்கு இசைவு 1947 டிசம்பரில் வந்து, 1948-இல் நடைமுறை ஆயிற்று. அந்த 1948-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் பிலிப்பா ஃபாசெட் காலமானார். செனட் மண்டபத்து ஆரவாரத்திற்கும் விதி மாற்றத்திற்கும் இடையே 58 கோடைகள் கடந்திருந்தன.

கடல் கடந்து வந்த பெயர்கள்

மதிலுக்கு வெளியே நின்றவருள் குடியேற்ற நாட்டவரும் இருந்தனர். ஆயின் அவர்கட்குத் தேர்வும் பட்டமும் மறுக்கப்படவில்லை. 1874-இல் வங்கத்தின் ஆனந்தமோகன் போஸ் ராங்ளர் நிலையை எய்திய முதல் இந்தியர் ஆனார். 1899-இல் மராட்டிய மண்ணிலிருந்து சென்ற ஆர். பி. பராஞ்சபே மற்றொருவருடன் இணைந்து சீனியர் ராங்ளர் என அறிவிக்கப்பட்டார். அந்தக் கோடை அறிவிப்பு இந்தியாவெங்கும் கொண்டாடப்பட்டது. ஆளப்படும் நாட்டின் மாணவன் ஆளும் நாட்டின் மிகக் கடினமான தேர்வில் முதல்வன் ஆனான் என்பதில் அரசியலும் கலந்திருந்தது. தகுதி வரிசையில் பெயர்களை வாசிக்கும் அம்முறை 1909-ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது.

1914 ஏப்ரலில் சீனிவாச இராமானுஜன் டிரினிடி கல்லூரியை வந்தடைந்தார். அவர் கண்ட முதல் நீண்ட விடுமுறையிலேயே, ஆகஸ்டு 4-ஆம் நாள், பிரிட்டன் போரில் இறங்கியது. கல்லூரியின் நெவில் முற்றத்துத் தாழ்வாரங்களில் படைவீரர்க்கான மருத்துவமனைப் படுக்கைகள் இடப்பட்டன. மாணவர் படைக்குச் சென்றனர். இராமானுஜனுடன் பணியாற்றிய லிட்டில்வுட்டும் பின்னர்ப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். தேர்ச்சிப் பட்டியல்களின் இடத்தை இறந்தோர் பட்டியல்கள் கைப்பற்றின. போரில் உயிர்நீத்த பல்கலைக்கழகத்தார் 2,000-க்கும் மேற்பட்டோர். ஆள் ஒழிந்த அம்முற்றங்களில்தான் இராமானுஜன் தம் புகழ்பெற்ற கட்டுரைகளை எழுதினார்; 1918-இல் டிரினிடியின் உறுப்பினரானார்.

மீண்டும் மூடிய வாயில்கள்

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் மீண்டும் மூடப்பட்டது. இயன்றோர் வீடு செல்லுமாறு மார்ச்சில் மாணவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. மே மாதத்தில், 2021 கோடை வரை பேருரைகள் யாவும் இணையவழியே நிகழும் என்ற அறிவிப்பு வெளியானது. அப்போது உலகெங்கும் நியூட்டனின் கதை மீண்டும் சொல்லப்பட்டது. கொள்ளைநோய் விடுமுறையைப் பயன்கொண்டு அவர் அறிவியலை மாற்றினார். நாமும் வீட்டிலிருந்தே அரியன செய்யலாம் என்பது அக்கதையின் அறிவுரை. அக்கதை முழு உண்மையன்று. அவர்தம் கணித ஆய்வு 1664-லேயே, கல்லூரியில் இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அன்றியும் ஒதுங்கி வாழ அவர்க்கு ஒரு பண்ணை வீடும் இருந்தது.

1665-ஆம் ஆண்டு ஆணையையும் 2020-ஆம் ஆண்டு அறிவிப்புகளையும் அருகருகே வைத்தால் மற்றொரு வேறுபாடு புலப்படும். நாடு திரும்ப இயலாத அயல்நாட்டு மாணவர் கல்லூரிகளிலேயே தங்க இடம் செய்யப்பட்டது. சமையற்கூடப் பணியாளரும் பராமரிப்புப் பணியாளரும் பலர் அரசின் ஊதிய உதவித் திட்டத்தின் கீழ் விடுப்பில் வைக்கப்பட்டனர். அவ்வேற்பாடுகளில் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் 355 ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ஒற்றை வரியில் இடம்பெறாதவர் இம்முறை கணக்கில் வந்தனர்.

அறிவிப்பு எழுதுவோர் வரலாறு எழுதுவதாக எண்ணுவதில்லை. நாளைக்கு உணவுக்கூடம் திறக்குமா, முடிவு எப்போது வெளியாகும் என்பதே அவர்தம் கவலை. ஆயினும் அவர்கள் எழுதும் பெயர்களும் எழுதாமல் விடும் பெயர்களும் நிலைத்துவிடுகின்றன. கேம்பிரிட்ஜின் கோடை அறிவிப்புகளில் உறுப்பினரோடு தொடங்கிய பட்டியல் மாணவர்க்கும், அயல்நாட்டார்க்கும், பெண்களுக்கும், பணியாளர்க்கும் சிறிது சிறிதாக விரிந்தது. அவ்விரிவு ஒருபோதும் தானாக நிகழவில்லை; ஒவ்வொரு பெயரும் சேர்வதற்கு யாரோ ஒருவர் வெளியே காத்து நிற்க வேண்டியிருந்தது. எந்தக் கல்வி நிலையத்தின் அறிவிப்புப் பலகையையும் இக்கண்கொண்டு நோக்குதல் தகும். ஒட்டப்பட்ட தாளில் உள்ள செய்தியைப் படித்த பின், அச்செய்தி யாரை நோக்கிப் பேசவில்லை என்பதையும் படிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் உண்மையான எல்லை அங்கேதான் வரையப்பட்டிருக்கிறது.