சுகர் இருப்பவர்கள் மது குடித்தால் கண் பார்வை பாதிக்குமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

"சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு, எப்பவாவது ஒரு குவார்ட்டர்தானே, என்ன ஆகிடப் போகுது?" சர்க்கரை நோய் உள்ள பலரும் சொல்லும் சமாதானம் இது. கல்லீரலைப் பற்றிக் கவலைப்படுபவர்கள்கூட கண்ணை மறந்துவிடுகிறார்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

டயாபடிக் ரெட்டினோபதி என்றால் என்ன?

கண்ணின் பின்புறம் உள்ள விழித்திரையில் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை அளவு பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால், இவை பலவீனமாகிக் கசியத் தொடங்கும். நோய் முற்றினால் புதிய குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் தெரியாது. இதுதான் ஆபத்தே.

மதுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மது நேரடியாக ரெட்டினோபதியை உண்டாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-ல் வெளியான 'ஆட்ரெம்' ஆய்வில், மிதமாகக் குடிப்பவர்களுக்கு ரெட்டினோபதி அதிகமாக வரவில்லை. ஆனால் அவர்களுக்குப் பார்வைத் திறன் குறையும் அபாயம், குடிக்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. மதுதான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. அதேசமயம், 'ரெட்டினோபதி வராது, அதனால குடிக்கலாம்' என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

மறைமுகப் பாதிப்புகள்

* அதிகமாகக் குடித்தால் பிபி உயரும். சர்க்கரையோடு பிபியும் சேர்ந்தால் விழித்திரைக்கு இரட்டை அடி.
* மதுவை வெளியேற்றும் வேலையில் இருக்கும் கல்லீரல், ரத்தத்துக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துவிடும். இன்சுலின், கிளிமிபிரைடு எடுப்பவர்களுக்கு நள்ளிரவில்கூட லோ சுகர் ஆகலாம். தள்ளாட்டத்தை 'போதை' என்று சுற்றியிருப்பவர்கள் விட்டுவிடும் ஆபத்தும் உண்டு.
* தொடர் குடி வைட்டமின் சத்துகளைக் குறைக்கும். நீண்டகாலம் மெட்ஃபார்மின் எடுத்தாலும் பி12 குறையலாம். பி12 பற்றாக்குறை பார்வை நரம்பையும் பாதிக்கக்கூடியது.

'அளவா குடிக்கிறேன்' என்றால் எவ்வளவு?

அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் உச்சவரம்பு, நாளொன்றுக்கு ஆண்களுக்கு இரண்டு டிரிங்க், பெண்களுக்கு ஒன்று. ஒரு டிரிங்க் என்பது சுமார் 14 கிராம் ஆல்கஹால். நம் ஊரில் விற்கும் 180 மில்லி பிராந்தி அல்லது விஸ்கியில் இருப்பது சுமார் 60 கிராம். அதாவது ஒரு குவார்ட்டரே நான்கு டிரிங்கைத் தாண்டிவிடுகிறது. கலோரி மட்டும் 400-க்கு மேல், சைடு டிஷ் தனிக்கணக்கு.

என்ன செய்ய வேண்டும்?

டைப் 2 என்று தெரிந்த உடனேயே, கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை அவசியம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்ய வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்கு ஈடாகாது. சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

திடீரென கரும்புள்ளிகள் மிதப்பது, திரை விழுந்ததுபோல் தெரிவது இருந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். லேசர், கண்ணுக்குள் ஊசி போன்ற சிகிச்சைகளால் இருக்கும் பார்வையைக் காப்பாற்ற முடியும். போன பார்வை முழுமையாகத் திரும்புவது கடினம்.