விதியும் தேதியும்: சிதம்பரம் திருமஞ்சன நாள்களை முன்வைத்து அமைவு மொழிகள் பற்றி

சிதம்பரம் நடராசருக்கு ஆண்டில் ஆறு அபிடேகங்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை என மூன்று நட்சத்திரத்தால் அமைபவை. ஆவணி, புரட்டாசி, மாசி ஆகிய மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி மூன்றும் திதியால் அமைபவை. ஆறில் ஒன்றுக்கும் மாறாத ஆங்கிலத் தேதி கிடையாது. மரபு விதியைத்தான் காத்துவருகிறது; தேதி அதிலிருந்து ஆண்டுதோறும் கணித்துப் பெறுவது.

கணினி நிரல்களோ தேதியைத்தான் கேட்கின்றன. கடலூர் மாவட்டப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விடுமுறை நாள்கள் நிரலுக்கு வெளியே, ஓர் அமைவுக் கோப்பில் இருக்கும். ஜேசன், யாமல், டோமல் போன்ற வடிவங்களில் பெயரையும் மதிப்பையும் எழுதலாம். கணக்கு எதுவும் எழுத முடியாத நிலைக்கோப்புகள் இவை. ஆகவே மார்கழித் திருவாதிரையன்று வரும் ஆருத்ரா தரிசனத்துக்கு ஆண்டுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் ஒரு தேதியை இடுவார்கள். 2020இல் ஆருத்ரா இருமுறை வந்தது: ஜனவரி 10, டிசம்பர் 30. 2022இல் ஒருமுறைகூட இல்லை. 2023இல் ஜனவரி 6, டிசம்பர் 27 என மறுபடி இரண்டு. 2024இல் மறுபடி இல்லை. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டுகளில் கால் வைத்து நிற்பதால் வரும் விளைவு இது. விதி எங்கும் பிசகவில்லை. கோப்பை வகுத்தபோது அந்த விதியை எழுத இடம் இல்லாமல் போனதே பிழை.

இதிலிருந்து நான் நிறுவ விரும்புவது ஒன்று. கணித்துப் பெறத்தக்கதையும் மனிதர் எடுத்த முடிவையும் நிலைக்கோப்பு ஒரே தோற்றத்தில் வைக்கிறது. விதியையும் எழுத இடம்தரும் நிரல்படும் அமைவு மொழிகளை ஆதரிப்போர் பெரும்பாலும் சுருக்கத்தையே அவற்றின் சிறப்பாகச் சொல்கிறார்கள்: ஐம்பது வரிகள் ஐந்தாகும் என்பார்கள். அது சிறிய பயன். கணிப்பையும் முடிவையும் கோப்பிலேயே பிரித்து எழுத முடிவதுதான் பெரிய பயன்.

மனிதர் எடுக்கும் முடிவுக்கும் கடலூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. ஆருத்ரா தரிசனத்தை முன்னிட்டு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது, அதை ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவது வழக்கம். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் அந்த உள்ளூர் விடுமுறை வராது. ஆகவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும். தரிசன நாளைப் பஞ்சாங்கத்திலிருந்து பெறலாம். ஈடுசெய்யும் சனிக்கிழமையை எந்தக் கணிதமும் தராது. அதை ஆணைதான் தரும். ஜேசன் கோப்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், வேறுபாடு தெரியாமல் கிடக்கின்றன. குறிப்பு எழுதக்கூட ஜேசனில் வழியில்லை என்பதால் ஆணையின் எண்ணை ஒரு குறிப்பாக அருகில் எழுதிவைக்கவும் முடியாது.

நிலைக்கோப்பு எளிமையானது, அதனால் ஏமாற்றாது என்ற நம்பிக்கையும் சரியன்று. சிதம்பரத்தின் தொலைபேசிக் குறியீடு 04144. மேற்கோள் குறியிடாமல் அதை யாமல் 1.1 கோப்பில் எழுதினால், முதலில் பூச்சியம் இருப்பதால் எட்டடிமான எண்ணாகக் கொண்டு 2148 என்று படிக்கும். கடலூரின் 04142 அதேபோல் 2146 ஆகும். நடை சாத்தும் நேரம் 12:30 என்று எழுதினால் அறுபதடிமானமாகக் கொண்டு 750 ஆக்கிவிடும். 06:30 என்பதையோ வெறும் எழுத்துத் தொடராகவே விட்டுவிடும். 2009இல் வந்த 1.2 பதிப்பு இவற்றை மாற்றியது. ஆனால் பரவலாகப் பயன்படும் பைத்தான் நூலகமான பை-யாமல் 1.1 முறையிலேயே படிக்கிறது. கணிதத்தை வெளியேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் கோப்புக்குள் கணிதம் ஒளிந்திருக்கிறது. எழுதியவருக்கு அது தெரிவதில்லை. டால், கியூ, பிக்கிள் போன்ற நிரல்படும் அமைவு மொழிகளில் குறியீடு என்பது எழுத்துத் தொடர் என்று வகையை முன்பே அறிவிக்கலாம். எண் வந்தால் கோப்பு அங்கேயே மறுக்கப்படும்.

அப்படியானால் முழு நிரல்மொழியையே அமைவுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது என்பேன். முழு நிரல்மொழியில் எழுதிய அமைவு, முடிவில்லாச் சுழலில் சிக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து நேற்று ஒன்றும் இன்று ஒன்றும் சொல்லலாம். விதியை எழுதியும் கட்டாயம் முடிகிற கணக்குக்கு முன்மாதிரி கடலூருக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலேயே இருக்கிறது. ஜான் வாரன் சென்னையிலிருந்து வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவர் சோழிகளைத் தரையில் அடுக்கி, எண்களைக் குறிக்கும் மனப்பாடமான வாக்கியங்களின் துணையோடு 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை சில நிமிடங்களே. முடியும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த வாக்கிய முறையின் கட்டமைப்பு என்னை வியக்க வைக்கிறது. சந்திரனுக்கு 248 வாக்கியங்கள்; நாளுக்கு ஒன்றாக மாறாத அட்டவணை. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வரும் சுற்று ஏறத்தாழ இருபத்தேழரை நாள் கொண்டது. ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாள். கழிந்த நாள்களை வகுத்து, மீதியைக் கொண்டு எந்த வாக்கியத்தை எடுப்பதென்று அறியும் விதி தனியே இருக்கிறது. படிகள் எண்ணப்பட்டவை, கணக்கு கட்டாயம் முடியும். டால் மொழி பொதுவான தற்சுழற்சியை விலக்கி வைத்திருப்பது இதே காரணத்துக்காகத்தான்: அதில் எழுதிய எந்தக் கோவையும் முடிந்தே தீரும். ஜேசானெட் என்ற மற்றோர் அமைவு மொழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை நான் குறையாகவே கருதுகிறேன்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விதியை எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஒரே விடை கிடைக்குமா? வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடுகின்றன; சில சமயம் அந்த வேறுபாடு நாளையே மாற்றிவிடும். அச்சிட்ட தேதிப் பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை. இது உண்மை. ஆனால் பட்டியல், தான் எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லாமலே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. விதிக்கோப்போ எந்த அட்டவணையை ஏற்கிறோம் என்று பெயர் சொல்லியாக வேண்டும். டாலில் அந்த அட்டவணையின் எண்சுருக்கத்தையும் (ஹாஷ்) சேர்த்து எழுதலாம். அட்டவணையில் ஒரு மதிப்பு மாறினாலும் கோப்பு அதை ஏற்காது.

பள்ளி அலுவலகத்தில் இருப்பவர் டால் கற்க வேண்டியதில்லை. விதிக்கோப்பிலிருந்து ஆண்டுக்கொரு முறை சாதாரணத் தேதிப் பட்டியலை உருவாக்கி, அச்சிட்ட பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு அவர் கையில் கொடுக்கலாம். பத்தே வரிகளுள்ள கோப்புக்கு அந்த உழைப்பும் மிகை. அங்கே டோமல் போதும். ஆனால் உள்ளூர் விடுமுறை என்ற வகையை வரையறுக்கும்போது, தரிசன நாள், ஆணையின் எண், ஈடுசெய்யும் சனிக்கிழமை ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது நிறைவான மதிப்பு என்று எழுதுவேன். முதலாவதை விதி நிரப்பும். மற்ற இரண்டையும் ஆணை வந்தபின் ஒருவர் தட்டச்சுச் செய்ய வேண்டும். அதுவரை அந்தக் கோப்பு நிறைவுபெறாமல் நிற்பதே சரி.