தைலமும் தாளிகையும்

காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகின்றது. கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடிகள் ஒருபால். துறையில் நின்ற மரக்கலங்களின் கொடிகள் ஒருபால். கள் விற்போர் தம் வாயிலில் எடுத்த கொடிகள் மற்றொருபால். விற்பவர் தம் சரக்கை ஊருக்கு அறிவிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும். அறிவுக்காக எடுத்த கொடியும் விற்பனைக்காக எடுத்த கொடியும் ஒரே நகரில் ஒரே காற்றில் அசைந்தன என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

கொடி, கடை இருக்குமிடத்தைச் சொல்லும். அக்கடையை ஏன் நம்ப வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வதே வணிகனுக்கு அரிய பணி. முகநூலும் புலனமும் பரவியுள்ள இந்நாளில், சிறு கடை வைத்திருப்போர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொடி இருக்கின்றது. ஆனால் அக்கொடியில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இரு தைல வணிகர்கள் விடை கண்டனர். ஒருவர் ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னையில் நிலைபெற்றவர். மற்றவர் இரங்கூனிற் பிறந்து சிங்கப்பூரில் நிலைபெற்றவர். தலைவலிக்குப் பூசும் தைலத்தைச் சிறு புட்டியில் அடைத்து விற்ற இவ்விருவரும் தாளிகை நடத்தும் பணியிலும் இறங்கினர் என்பது வரலாற்றின் சுவையான ஒற்றுமைகளுள் ஒன்று.

கச்சேரியில் பரவிய மணம்

காசீநாதுனி நாகேசுவரராவ் 1867ஆம் ஆண்டில் கிருஷ்ணா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். சென்னையிற் கல்வி பயின்று, கல்கத்தாவில் மருந்து வணிகத்தின் நுட்பங்களைக் கற்று, பின் பம்பாய்க்குச் சென்றார். அங்கே 1893ஆம் ஆண்டில் அமிர்தாஞ்சனம் என்னும் தைலத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். பெயரறியாத ஒருவர் செய்த மருந்தை யார் வாங்குவர்? நாகேசுவரராவ் அதற்கு எளிய வழியொன்றைக் கண்டார். இசைக் கச்சேரிகள் நடைபெறும் இடங்களில் தம் தைலத்தை இலவசமாக வழங்கினார். மக்கள் மகிழ்ச்சியோடு கூடியிருக்கும் இடத்தைத் தேடிச் சென்று, விலை கேட்பதற்கு முன் பயனைக் கொடுத்தார். மணம் தானே பேசியது.

அவர் அத்தோடு நின்றிருந்தால் திறமை மிக்க வணிகர் என்னும் பெயரோடு மறைந்திருப்பார். 1908ஆம் ஆண்டில் பம்பாயிலேயே ‘ஆந்திர பத்திரிகா’ என்னும் தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டில் அது சென்னைக்குப் பெயர்ந்து நாளிதழாயிற்று. 1924ஆம் ஆண்டில் ‘பாரதி’ என்னும் இலக்கியத் திங்களிதழ் தோன்றியது. 1926ஆம் ஆண்டில் ‘ஆந்திர கிரந்தமாலை’ என்னும் பதிப்பகத்தின் வாயிலாக நல்ல நூல்களைக் குறைந்த விலைக்கு வெளியிட்டார். தைலத்தில் ஈட்டிய பொருள் தாளுக்கும் மைக்கும் சென்றது. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் அவர் சிறையும் புகுந்தார். மக்கள் அவரைத் ‘தேசோத்தாரக’ என்று போற்றினர். சென்னை மயிலாப்பூரில் அவர் பெயர் தாங்கிய பூங்கா இன்றும் உள்ளது.

புலியின் முழக்கம்

சீன நாட்டின் பூக்கியன் மாநிலத்திலிருந்து இரங்கூனுக்குக் குடிபெயர்ந்த மூலிகை வைத்தியர் ஒருவர், 1870களில் அங்கே ஒரு சிறு மருந்துக் கடை வைத்தார். 1908ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், கடை அவருடைய மக்களான ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்னும் உடன்பிறப்பாளர் கைக்கு வந்தது. ஹாவ் என்பது புலியைக் குறிக்கும். பார் என்பது சிறுத்தையைக் குறிக்கும். தம்பி மருந்தைச் செம்மை செய்தார். அண்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். 1926ஆம் ஆண்டில் அவர்களது தொழில் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. புலிச் சின்னம் பொறித்த அத்தைலம் கூலித் தொழிலாளர் வீடுகளிலும் செல்வர் மாளிகைகளிலும் ஒருங்கே இடம்பெற்றது.

பூன் ஹாவ் விளம்பரக் கலையில் வல்லவர். முகப்பிற் புலித்தலை பொருத்திய மோட்டார் வண்டியொன்றை அவர் செய்வித்தார். அதன் ஊதுகுழல் புலிபோல் உறுமும். தெருவில் அது செல்லும்போது திரும்பிப் பாராதார் இலர். ஆயினும், வேடிக்கை பார்த்தவர் மறுநாள் மறந்துவிடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். 1929ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ‘சின் சியூ ஜிட் போ’ என்னும் சீன நாளிதழைச் சிங்கப்பூரில் தொடங்கினார். பிற இதழ்களுக்குக் கொடுக்கும் விளம்பரச் செலவைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் ஒருவரும் நாளிதழ் வாங்குவதில்லை. தாயகத்துச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, கதை, கட்டுரை ஆகியவற்றை நாடியே மக்கள் அதை வாங்கினர். தைலத்தின் பெயர் அவற்றின் ஓரத்தில் நின்றது.

1937ஆம் ஆண்டில் பாசிர் பாஞ்சாங்கில் தம்பிக்காக எழுப்பிய ஹாவ் பார் வில்லாவும் இத்தகையதே. சீனத் தொன்மக் கதைகளையும், தீவினை செய்தோர் நரகத்தின் பத்து அவைகளிற் பெறும் தண்டனைகளையும் சிலைகளாக வடித்த அப்பூங்காவுக்குப் பொதுமக்கள் திரள் திரளாகச் சென்றனர். எழுத்தறியாத தாயும் தன் மகனுக்கு அறம் கற்பிக்க அச்சிலைகள் உதவின. புட்டியின் மேலிருந்த புலி, அவ்வாறு ஒரு சமுதாயத்தின் நினைவிற் குடிபுகுந்தது.

பெயரை நீக்கினாலும் எஞ்சுவது

இவ்விருவருடைய இயல்பும் வேறு. நாகேசுவரராவிடம் நாட்டுப்பற்று முன்னின்றது. பூன் ஹாவிடம் வணிக வேட்கை வெளிப்படையாக நின்றது. எனினும், இருவர் செயலிலும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. ‘பாரதி’ இதழிலிருந்து அமிர்தாஞ்சனத்தின் பெயரை முற்றிலும் நீக்கிவிட்டாலும் இலக்கியம் எஞ்சும். ‘சின் சியூ’ இதழிலிருந்து புலியை அகற்றினாலும் செய்தி எஞ்சும். சரக்கின் பெயரை எடுத்துவிட்ட பின்னும் படிப்பவனுக்குப் பயன் எஞ்சுமாயின், அதுவே நோக்கமுள்ள ஆக்கம். பெயரை எடுத்தவுடன் ஒன்றும் எஞ்சாதாயின், அது புலித்தலை வண்டியின் உறுமலைப் போன்றதே. திரும்பிப் பார்க்கச் செய்யும், நினைவில் நில்லாது.

சிறு கடையும் தமிழ்த் தாளிகையும்

தாளிகை தொடங்கும் ஆற்றல் எல்லா வணிகர்க்கும் வாய்ப்பதன்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ்ச் சிறுவணிகர்கள் வேறொரு வழியைக் கொண்டனர். 1887ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பிறந்தது. 1935ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைச் சிங்கப்பூரில் நிறுவினார். மளிகைக் கடை, நகைக் கடை, துணிக் கடை, அச்சகம், உணவகம் எனப் பல தொழில் செய்தோர் தமிழ் நாளிதழ்களின் பக்கங்களில் தம் விளம்பரங்களைத் தந்தனர். ‘முரசு’ தன் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளம் எழுத்தாளர்களை வளர்த்தது. அவ்வெழுத்தை நாடி வந்த வாசகர் கண்ணில் வணிகர் விளம்பரமும் பட்டது. ஆசிரியர் நம்பிக்கையை ஈட்டினார். வணிகர் அதன் நிழலில் நின்றார். வணிகர் தந்த கட்டணம் தாளிகைக்கு உரமாயிற்று. இஃது ஒருவரையொருவர் தாங்கிய உறவாகும்.

கைப்பேசி வந்தபின் அவ்வுறவு தளர்ந்தது. முகநூல் 2004ஆம் ஆண்டிலும், புலனம் 2009ஆம் ஆண்டிலும், படவரி 2010ஆம் ஆண்டிலும் தோன்றின. கட்டணமின்றி ஆயிரம் பேரை அடையலாம் என்னும் நிலையில், வணிகரின் பார்வை அங்கே திரும்பியது இயல்பே. தொண்ணூறாண்டைக் கடந்து வாழ்ந்த ‘தமிழ் நேசன்’ 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இழப்பைத் தாங்க இயலாது நின்றுபோயிற்று. அதன் காரணங்கள் பல. ஆயினும், ஆசிரியர் தேடித் தந்த நம்பிக்கையின் நிழலும் அத்தகைய இதழ்களோடு சுருங்குகின்றது என்பதைச் சிறுவணிகர் உணர்தல் வேண்டும். இன்று வணிகரே ஆசிரியர், கடையே தாளிகை.

ஆசிரியரான கடைக்காரர்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மலேசியாவிலும், ஏப்பிரல் திங்களில் சிங்கப்பூரிலும் நோய்த்தொற்றின் காரணமாக நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டபோது, இப்புதிய பொறுப்பு திடீரெனப் பலர் தலைமேல் விழுந்தது. ஒட்டுக்கடை வைத்திருந்தோரும், முறுக்கும் அதிரசமும் வீட்டிலிருந்தே செய்து விற்ற மகளிரும் கைப்பேசி வழியாகவே வாடிக்கையாளரைத் தேடினர். சிலர் நிலைத்தனர், பலர் சோர்ந்தனர். காலை வணக்கப் படமும், எங்கிருந்தோ எடுத்த பொன்மொழியும், நாள்தோறும் ஒரே விலைப்பட்டியலும் அனுப்பியவர்களை வாசகர் மெல்ல ஒதுக்கினர்.

இங்கேதான் தைல வணிகரின் வரலாறு பாடமாகின்றது. கறித்தூள் விற்பவர், மீன் கறிக்கும் இறைச்சிக் கறிக்கும் தூள் ஏன் வேறுபடுகின்றது என்றும், ஈரக் காற்றிற் கெடாமல் அதை வைப்பது எவ்வாறு என்றும் எழுதலாம். தையற்காரர், இரவிக்கைக்கு அளவெடுக்கும்போது நேரும் பிழைகளைப் படத்தோடு விளக்கலாம். பூக்கடைக்காரர், மாலை தொடுக்கும் முறையைக் காட்டலாம். இவை கச்சேரியில் இலவசமாகக் கொடுத்த தைலத்துக்கு ஒப்பானவை. யாருக்காக எழுதுவது, படித்தபின் அவர் செய்யத்தக்கது என்ன என்னும் இரண்டையும் முன்னரே தெளிந்துகொண்டால், எழுத்து தானே நேர்படும். நாளிதழ் குறித்த வேளையில் வந்தமையால்தான் மக்கள் அதற்குக் காத்திருந்தனர். சிறு கடை வாரத்துக்கு ஒருமுறை எழுதினாலும் போதும். சொன்ன நாளில் எழுத வேண்டும். விருப்பக்குறிகள் கடை வாடகையைக் கட்டா. அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதே கணக்கு.

இரண்டு எச்சரிக்கைகளும் உரியன. முதலாவது, வாய்மை. நோயனைத்தும் தீரும் என்று முழங்கிய மருந்து விளம்பரங்கள் ஒரு காலத்தில் மலிந்திருந்தன. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்று போன்ற நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. மூலிகைப் பொடி விற்கும் சிறுவணிகர் புலனத்தில் அனுப்பும் செய்தியும் விளம்பரமே என்பதை மறத்தலாகாது. இரண்டாவது, நிலத்தின் உரிமை. நாகேசுவரராவும் பூன் ஹாவும் தம் அச்சகத்தைத் தாமே உடைமையாகக் கொண்டிருந்தனர். இன்றைய வணிகரோ பிறர் நிலத்திற் பந்தல் போட்டிருக்கின்றார். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், படவரி, புலனம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் அவர்தம் இசைவோடு தனி ஏட்டிற் குறித்து வைத்திருந்த கடைக்காரருக்கே அன்று தம் வாடிக்கையாளரோடு பேச வேறு வழியிருந்தது.

இவற்றோடு மொழியும் ஒரு பொறுப்பாகின்றது. தமிழ் நாளிதழின் விளம்பரத்தை அச்சுக்கோப்பவரும் திருத்துநரும் பார்த்தனர். கடைக்காரர் கைப்பேசியில் இடும் வரிகளைத் திருத்துவார் எவருமிலர். தமிழை உரோமன் எழுத்திலும், பிழை மலிந்த வடிவிலும் நாள்தோறும் காணும் சிறுவன், அதையே தமிழ் எனக் கொள்வான். பள்ளியில் ஆசிரியர் கற்பிக்கும் தமிழுக்கும் கடைத்தெருவில் வாழும் தமிழுக்கும் இடையே வெளி அகலுமாயின், பயன்பாடற்ற மொழியாகத் தமிழ் அவனுக்குத் தோன்றும். ஒரு கறித்தூள் கடையின் பத்து வரிகள் நல்ல தமிழில் அமையுமாயின், அவ்வெளி சிறிதேனும் குறுகும். மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி தரும் ஆசிரியர்கள், அவர்தம் பெற்றோர் நடத்தும் கடைக்கு ஒரு குறிப்பு எழுதுமாறு பணித்தால், இரு திறத்தார்க்கும் அது நன்மை பயக்கும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் ஆசிரியர் கொடியும் வணிகர் கொடியும் தனித்தனிக் கம்பங்களிற் பறந்தன. தைலம் விற்ற இருவர் அவ்விரண்டையும் ஒரே கையில் ஏந்திக் காட்டினர். இன்று ஒட்டுக்கடைக்காரர் கையிலும் அவ்விரு கொடிகளும் வந்து சேர்ந்துள்ளன.