கடி சின்ன விசயமா?

நாங்கள் கேட்டு வளர்ந்த போர்க்கதைகளில் செல்லடி இருக்கும், பசி இருக்கும், தண்ணிக்கு நிண்ட வரிசை இருக்கும். கடி இருக்காது. துருவிக் கேட்டால் மட்டும், "ஓம், இரவிரவாச் சொறிஞ்சனாங்கள்" என்று ஒரு சிரிப்போடு சொல்லுவினம்.

2009 இல் வவுனியா செட்டிகுளம் பக்கம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைக்கப்பட்டிருந்தது. வெயில், தறப்பாள், நெருக்கம். அந்த வருசம் வவுனியா முகாம்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கொப்பளிப்பான் வந்தது. இப்படியான நெருக்கத்தில் சொறியும் லேசாகப் பரவும். மிகச் சிறிய ஒரு பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிடும். உடல் அதை எதிர்க்கும்போது கடி எழும்பும், இரவில் கூடும். ஒரே பாயில் படுக்கிற எல்லாரும் ஒன்றாக மருந்து பூசினால்தான் அது போகும்.

கடியை மருத்துவமும் கனகாலம் சின்ன விசயமாகத்தான் பார்த்தது. அது பலம் குறைந்த வலி என்று பலர் நம்பினார்கள். 1997 இல் ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்மெல்ஸ் குழுவினர், கடியைக் கடத்தும் தனி நரம்பிழைகளை மனிதத் தோலில் கண்டுபிடித்தார்கள். 2007 இல் அமெரிக்காவில் நடந்த எலி ஆய்வு, முள்ளந்தண்டிலும் கடிக்கென்று ஒரு ஏற்பி இருப்பதைக் காட்டியது. அது இல்லாத எலிகள் குறைவாகச் சொறிந்தன. வலியை மட்டும் வழமைபோல உணர்ந்தன. சொறிந்தால் சுகம் வருவதும் இதனால்தான்: நகம் தரும் சின்ன வலி கடியின் செய்தியை முள்ளந்தண்டிலேயே அமத்திவிடும். ஆனால் தோல் புண்ணாகி, கடி திரும்பி வரும்.

தோலே இல்லாத இடத்திலும் கடிக்கும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களை ஆராய்ந்தார். சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையில் உணர்வு வந்தது. மூளையில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கை போனாலும் அதற்கான இடம் மூளையில் அழிவதில்லை.

மிதிவெடியிலும் செல்லிலும் கால் இழந்தவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எங்களோடு வாழுகினம். அவர்களில் ஒருவர் "இல்லாத கால் கடிக்குது" என்று சொன்னால், அது விசர்க்கதை இல்லை. நரம்பு சொல்லுற உண்மை. சிரிக்காமல் இருந்து கேட்போம். அதுவும் எங்கட வரலாறுதான்.